மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்கள்

அப்போல்டாவில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் பதினேழாம் எண் வீட்டின் புத்தகம் பத்தொன்பது வருஷம் லீஸ்பெத் தோம்னரிடம் இருந்தது. சாம்பல் நிற அட்டை. பக்கங்களுக்கு எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் போலீஸ் முத்திரை குத்தியிருக்கும். அந்த வீட்டில் எட்டுக் குடித்தனம். யார் குடியிருக்கிறார்கள், யாருடைய வீட்டுக்கு யார் வந்து மூன்று நாளுக்கு மேல் தங்குகிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், அடையாள அட்டை எண் என்ன, எல்லாம் அதில் ஏற வேண்டும். இரண்டாகப் பிரிந்த நாட்டின் மேற்குப் பாதியிலிருந்து வந்தவர் என்றால் ஒரே நாளுக்குள் ஏற வேண்டும்.

யாரும் அவளைக் கேட்டு அதைக் கொடுக்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் இறந்துபோனார். வட்டாரப் போலீஸ்காரர் படிக்கட்டில் நின்று எட்டுக் குடித்தனத்தையும் ஒரு பார்வை பார்த்தார். "தோம்னரம்மா கையெழுத்து நல்லா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். முடிந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னதைச் செய்து வளர்ந்தவள். புத்தகத்தைச் சமையலறை இழுப்பறையில், இஸ்திரி போட்ட மேஜை விரிப்புகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வேலை பின்னலாடை ஆலையில். வட்டமாகச் சுழலும் யந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிமுனைகள். கழுத்துப் பட்டியின் ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு முனையில் மாட்ட வேண்டும். ஒன்று தவறினால் போதும், சட்டை போட்டவர் இரண்டு முறை கையைத் தூக்கினதும் அந்த ஒரு கண்ணி ஓட ஆரம்பித்து நெஞ்சு வரைக்கும் போய்விடும். நாற்பது வருஷத்தில் அவள் மாட்டியதில் ஓடியது மூன்று. அந்த மூன்றும் என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். புத்தகத்தையும் அப்படித்தான் எழுதினாள்.

கணவர் ஆர்னோ இறந்து பதின்மூன்று வருஷம். குழந்தை இல்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அக்கா வில்மா மட்டும். வில்மா ஐம்பத்தெட்டில் ஒரு கைப்பெட்டியோடு மேற்கே போனவள். கஸ்ஸெல் நகரம். வரைபடத்தில் சுண்டுவிரலை வைத்தால் அடங்கிவிடுகிற தூரம், நடுவில் எல்லை. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை விசா வாங்கிக்கொண்டு வில்மாவே வருவாள். வந்த அன்றைக்கே லீஸ்பெத் புத்தகத்தை எடுத்துச் சொந்த அக்காவை அதில் எழுதுவாள். "பொறந்த தேதி சொல்லு" என்று கேட்பாள். "அடிப்பாவி, உனக்குத் தெரியாதா?" என்பாள் வில்மா. "நீ சொல்லணும், நான் எழுதணும். அதுதான் முறை."

இரண்டு வருஷமாக வில்மா வரவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் யந்திரத்தோடு கிடந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். அவளால் எங்கும் போக முடியாது. போவதென்றால் லீஸ்பெத்தான் போக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு ஜூன் பதினாலாம் தேதி வில்மாவுக்கு அறுபது வயசு. உடன்பிறந்தவர்களின் அறுபதாம் பிறந்தநாளுக்குப் போக மனுப் போடலாம் என்று ஒரு விதி அப்போது வந்திருந்தது. மனுப் போடலாம். கொடுப்பார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பெண்களுக்கு அறுபது ஆகிவிட்டால் பிரச்சினை இல்லை, ஓய்வூதியக்காரர்களை அரசாங்கம் தாராளமாக அனுப்பும். திரும்பி வராமல் போனாலும் ஓய்வூதியம் மிச்சம். ஆனால் லீஸ்பெத்துக்கு அப்போது ஐம்பத்தேழுதான். பிப்ரவரியில் மனுவைக் கொடுத்தாள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நோவாக் வந்தார்.

வீட்டு வசதித் துறை என்றார். பச்சை மழைக்கோட்டு, காதோரம் லேசான நரை, நன்றாகத் துடைத்த காலணி. லீஸ்பெத்துக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். சமையலறைச் சுவரின் ஈரத்தைப் பற்றி ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். மனிதர் நேராக வந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவர் ரகசியப் போலீஸ் என்று.

"உங்க அக்கா எப்படி இருக்காங்க, ஃப்ராவ் தோம்னர்? வாரத்துக்கு மூணு தடவைன்னா உடம்பு தாங்காதே."

அவள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இருக்கா" என்றாள்.

"அறுபதாவது பிறந்தநாள் ஒரு தடவைதான் வரும். நல்லபடியா முடியணும். நாங்களும் அதைத்தான் ஆசைப்படுறோம்." காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். "மூணாவது மாடியில அந்த ஹாஸே பொண்ணு. வீட்டுக்கு நிறையப் பேர் வர்றாங்களாமே?"

மார்லிஸ் ஹாஸே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். நாட்டை விட்டுப் போக மனு எழுதிக் கொடுத்ததும் வேலை போயிற்று. இப்போது கல்லறைத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். புதன்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் வருவார்கள், கிதார் வாசிப்பார்கள், பத்து மணிக்கு முன்னால் போய்விடுவார்கள். லீஸ்பெத்துக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மார்லிஸ் கதவை அறைந்து சாத்துவாள். படிக்கட்டுக் கழுவும் முறை அவளுக்கு வந்தால், முறைப்பலகை அவள் கதவில் வாரம் முழுக்கத் தொங்கும். படிக்கட்டு மட்டும் அப்படியே கிடக்கும்.

"வர்றாங்க, போறாங்க. யாரும் மூணு நாள் தங்குறதில்ல. அதனால புத்தகத்துல இல்ல."

"இனிமே ஒரு மணி நேரம் வந்தாலும் எழுதுங்க."

"புத்தகத்துலயா?"

நோவாக் சிரித்தார். "தனித் தாள்ல. எனக்கு மட்டும்."

அடுத்த செவ்வாயும் வந்தார். மூன்றாவது செவ்வாயும் வந்தார். மூன்றாவது தடவை ஒரு தாளை மேஜையில் வைத்தார். நாம் பேசுவதை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அதில் இருந்தது. கீழே கோடு, கோட்டுக்கு மேல் காலியிடம்.

"கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல" என்றாள் லீஸ்பெத். கண்ணாடி ஏப்ரன் பையில்தான் இருந்தது.

"பரவாயில்ல. அடுத்த வாரம். ஆனா அடுத்த வாரத்தைத் தாண்டினா, உங்க மனு எங்க இருக்குன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

அன்றைக்கு அவர் போன பிறகு அவள் கோப்பையைக் கழுவவில்லை. அடியில் கரையாத சர்க்கரை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கேட்டால் சொல்லிவிடுவது அவளுக்குப் பழக்கம். பதினாறு வயசில் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்போது யுத்த காலம், வேறு ஆட்சி, வேறு கொடி, வெளிநாட்டு ரேடியோ கேட்பது குற்றம். மணித்தெருவில் இருந்த பழைய வீடு. தெருப் பொறுப்பாளர் படிக்கட்டில் அவளை நிறுத்தி, "இந்த வீட்டுல யாராவது வெளிநாட்டு ரேடியோ கேக்குறாங்களாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். முற்றத்துக்கு எதிர்ச் சன்னலில், கடிகாரம் பழுதுபார்க்கும் வெய்ட்லிங் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரேடியோப் பெட்டியின் முன்னால் குனிந்திருப்பதை அவள் பார்த்திருந்தாள். கேள்விக்குப் பதில் தெரிந்த மாணவியின் பெருமையோடு சொன்னாள். ஒரு வாரத்தில் அவரைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெய்ட்லிங் சாகவில்லை. நாற்பத்தைந்தில் திரும்பி வந்தார். வலது கை நடுங்கிற்று. கடிகாரத்தைத் தொட முடியாது, அதனால் இவள் வேலை பார்த்த ஆலையிலேயே வாசல் காவலுக்குச் சேர்ந்தார். பதினாறு வருஷம், சாகிற வரைக்கும், தினமும் காலையில் இடது கையால் தொப்பியைத் தூக்கி "காலை வணக்கம், லீஸ்பெத்" என்றார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும். சில நாள், தெரிந்தும் எப்படித் தொப்பியைத் தூக்கினார் என்று தோன்றும்.

நோவாக் போன மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய்க் கஸ்ஸெலுக்கு டெலிபோன் பதிவு செய்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். இரண்டாம் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"யாரு? லீஸியா? என்னடி, யார் செத்துட்டா?" வில்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"யாரும் சாகல. நீயும் அதுக்குள்ள செத்துத் தொலைக்காத."

"நான் எங்க சாகுறது? நர்ஸ் விட மாட்டேங்குறா. ஜூனுக்கு வர்றியா இல்லியா? கேக் சொல்லணும். நீ வரலைன்னா பக்கத்து வீட்டுக்காரி தின்னுடுவா, அவ ஏற்கெனவே பீப்பாய் மாதிரி இருக்கா."

கூண்டின் கண்ணாடிக்கு வெளியே ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"அக்கா."

"சொல்லு."

"வர முடியாமப் போனா கோச்சுக்குவியா?"

வில்மா கேட்டாள்: "அவங்க குடுக்கலையா, நீ வாங்கலையா?"

சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். ஊசியை நேராகக் கண்ணியில் விடுவாள். லீஸ்பெத் "கேக்கை இப்ப சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

நான்காவது செவ்வாய் மூன்று மணிக்கு மணி அடித்தது. மேஜையில் காப்பி இல்லை. சாம்பல் அட்டைப் புத்தகம் திறந்திருந்தது, பக்கத்தில் பேனாவும் உறிஞ்சுதாளும். லீஸ்பெத் கண்ணாடி போட்டிருந்தாள்.

"உக்காருங்க, ஹெர் நோவாக். முதல்ல அடையாள அட்டையைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு மணி நேரம் வந்தாலும் எழுதச் சொன்னீங்களே. இது உங்களுக்கு நாலாவது நாள். பழைய விதிப்படி பாத்தாலும் மூணைத் தாண்டிட்டீங்க."

நோவாக் சிரித்தார். நல்ல சிரிப்பு, பல்லெல்லாம் தெரிந்தது. "நான் மூணாவது மாடியைச் சொன்னேன்."

"மூணாவது மாடிக்குன்னு தனிப் புத்தகம் எனக்கு யாரும் குடுக்கல. இது வீட்டுக்கே ஒண்ணு. தரைத்தளமும் இதுலதான் வருது."

"தனித் தாள்ல எழுதச் சொன்னேன், ஃப்ராவ் தோம்னர்."

"தனித் தாள்ல பக்க எண் இல்ல, முத்திரை இல்ல. நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா யார் பொறுப்பு? எழுத்துல ஒரு உத்தரவு குடுங்க, உங்க துறை முத்திரையோட. அதையும் இதுலயே ஒட்டி வெச்சுக்கிறேன். நான் உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சே பழகினவ. இல்லாத உத்தரவுக்கு எப்படிக் கீழ்ப்படியறதுன்னு எனக்குத் தெரியல."

சிரிப்பு நின்றுவிட்டது. "நாம பேசினது நமக்குள்ளன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க. நான் கையெழுத்துப் போடல." அவள் பேனாவை எடுத்தாள். "அட்டை?"

"கிடையாது."

அவள் எழுத ஆரம்பித்தாள். ஆலையில் கண்ணி மாட்டும் வேகம், அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. எழுதுவதை வாய்விட்டும் சொன்னாள், யந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில்.

"பெயர், நோவாக். வேலை, வீட்டு வசதித் துறை என்று சொல்கிறார். அடையாள அட்டை, காட்டவில்லை. யார் வீட்டுக்கு, தோம்னர், தரைத்தளம். வந்த நாட்கள்..." நான்கு தேதியையும் எழுதினாள். "குறிப்பு. மூன்றாம் மாடி ஹாஸே வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். தந்தால் கஸ்ஸெல் பயண அனுமதி கிடைக்கும் என்றார். தரவில்லை."

உறிஞ்சுதாளை வைத்து அழுத்தினாள்.

நோவாக் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"எடுத்துட்டுப் போகணும்னா போங்க. ஆனா இது வட்டாரப் போலீஸ் குடுத்த புத்தகம். யார்கிட்டக் குடுத்தேன்னு அவர் கேப்பார். ஒரு ரசீது எழுதி உங்க முழுப் பேரையும் போட்டுடுங்க."

கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மழைக்கோட்டுப் பைக்குள் போயிற்று. வாசலில் அவர் திரும்பினார்.

"உங்க அக்காவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. கடுதாசியில."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கதவை எப்படிச் சாத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர். லீஸ்பெத் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜூன் பதினாலு போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. ரகசியம் ரகசியமாக இருக்கிற வரைக்கும் அது அவர்களுடையது. அதை எட்டுக் குடித்தனத்துக்கும் பங்கு போட்டுவிட்டால் பிறகு யாருக்கும் உதவாது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, மே தினத்துக்கு முந்தி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் பண்ணுவது வழக்கம். அன்றைக்கே ஒவ்வொரு குடித்தனமும் புத்தகத்தில் தன் பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும். லீஸ்பெத் முற்றத்து மேஜையில் விரிப்பை விரித்துப் புத்தகத்தை வைத்தாள். ஒவ்வொருவரின் பக்கமாகத் திறந்து கொடுப்பதுதான் வழக்கம். இந்த முறை விருந்தாளிகள் பக்கத்தைத் திறந்து, காற்றில் புரளாமல் மேலே ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு, போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

முதலில் வந்தது முதல் மாடி பீலிட்ஸ் அம்மாள். படித்தாள். கல்லை எடுத்துவிட்டு மறுபடி படித்தாள். கல்லை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்க் கணவனை அனுப்பினாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். துடைப்பங்கள் மட்டும் பேசின.

பிறகு இரண்டாம் மாடி கூனெர்ட் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர், எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். "என்ன தோம்னரம்மா, நான் படிக்கட்டைச் சரியாக் கழுவலைன்னு எழுதிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"பச்சைக் கோட்டா?"

"பச்சைக் கோட்டு" என்றாள் லீஸ்பெத்.

"காப்பிக்கு ரெண்டு சர்க்கரை?"

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். கூனெர்ட்டின் கழுத்து சிவந்து, பிறகு வெளுத்தது. கையிலிருந்த மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியேறிப் போனார். அவர் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. எத்தனை செவ்வாய் அவர் வீட்டுச் சர்க்கரை கரைந்திருக்கும் என்று முற்றத்தில் யாரும் கேட்கவில்லை. பீலிட்ஸ் அம்மாள் அவருடைய மண்வாரியை எடுத்து மீதி மண்ணை அள்ளினாள்.

மூன்றாம் மாடிக்காரி மார்லிஸ் அரை மணி தாமதமாக, அழுக்குக் காலுறையோடு இறங்கி வந்தாள். படித்தாள். லீஸ்பெத்திடம் வந்து நின்றாள்.

"எனக்காகவா?"

"உனக்காக ஒண்ணுமில்ல" என்றாள் லீஸ்பெத். "ரெண்டு வாரமா உன் முறை. படிக்கட்டு நாறுது."

அன்று மத்தியானமே மார்லிஸ் வாளியும் துணியுமாக உட்கார்ந்து மேலிருந்து கீழே வரை கழுவினாள். மூலைகளை விட்டுவிட்டாள். லீஸ்பெத் அவளைக் கூப்பிட்டு மறுபடி துடைக்கச் சொன்னாள்.

மே மாதம் வட்டாரப் போலீஸ்காரர் ப்ராயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற சோதனைக்கு வந்தார். ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே பக்கம் திருப்பினார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க, தோம்னரம்மா?"

"எழுதியிருக்கேன். விதி தப்பா?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பருமன், தோட்டத்தில் முயல் வளர்ப்பவர். "தப்புன்னு சொல்ல முடியாது. அதுதான் சிக்கலே. யாரெல்லாம் பாத்தாங்க?"

"எல்லாரும். கையெழுத்து இருக்கு பாருங்க."

ப்ராயர் கேக்கை விழுங்கினார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த நடைமுறையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா கதவெல்லாம் பேச ஆரம்பிச்சிட்ட வீட்டுக்கு அவங்க வர மாட்டாங்க." பிறகு போலீஸ்காரராக நிமிர்ந்து, "இனிமே புத்தகம் வேற யாராவது வெச்சுக்கட்டும்" என்றார்.

யாரும் வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் பீலிட்ஸ் வீட்டில் போய்ச் சேர்ந்தது. நோவாக் மறுபடி வரவில்லை. மே கடைசியில் லீஸ்பெத்துக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படவில்லை. காரணம் இல்லை. அந்த மாதமே ஆலையில் அவளை யந்திரத்திலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள். அதற்கும் காரணம் சொல்லவில்லை. பெட்டி கட்டினாள். அட்டைப் பெட்டியின் மூலைகள் கத்தி மாதிரி இருந்தன.

மறுபடி தபால் நிலையம், இரண்டாம் கூண்டு.

"கேக்கை அந்தப் பீப்பாய்க்காரிக்கே குடுத்துடு" என்றாள்.

"குடுக்கலையா, வாங்கலையா?"

"வாங்கல."

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று லீஸ்பெத் பயந்தாள். வில்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா சொல்லுவாரே, லீஸியைக் கிணத்துல குதின்னா, ஆழம் எவ்வளவுன்னு கேட்டுட்டுக் குதிப்பான்னு. உனக்கு எப்படி வாங்காம இருக்க வந்துச்சு?"

"அப்புறம் சொல்றேன். நேர்ல."

"எப்போ?"

"எண்பத்தாறு செப்டம்பர். எனக்கு அறுபது. அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல. ரெண்டு வருஷம் மூணு மாசம் இருக்கு. தாங்குவியா?"

"வாரத்துக்கு மூணு தடவை" என்று வில்மா கணக்குப் போட்டாள். "முன்னூத்தி அம்பது தடவை அந்த ஊசி. சரி. நீ பெட்டியைக் கட்டு."

"கட்டிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் லீஸ்பெத்.

எண்பத்தாறு செப்டம்பரில், பிறந்தநாளுக்கு மறுநாள் காலை, போலீஸ் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் அவள் நின்றாள். வரிசையில் முதல் ஆள். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். கோப்பில் என்ன இருந்ததோ, கொஞ்ச நேரம் முத்திரையைக் கையிலேயே வைத்திருந்தாள். லீஸ்பெத் கவுண்டர் விளிம்பை விடவில்லை. பின்னால் நின்ற வரிசை இருமிற்று. முத்திரை விழுந்தது.

கஸ்ஸெல் ரயில் நிலையத்தில் வில்மா சக்கர நாற்காலியில் இருந்தாள். பாதியாகியிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் நிஜமாகவே பீப்பாய் மாதிரிதான் இருந்தாள். "முன்னூத்தி அம்பத்தொண்ணு" என்றாள் வில்மா, வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக. பிறகு ஒருவர் கையை ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தார்கள். வில்மாவின் இடது கையில் ஊசி ஏறிய இடங்கள் தடித்திருந்தன. லீஸ்பெத் விரலால் தடவிப் பார்த்தாள், கண்ணி எண்ணுவது போல.

பத்து நாள் அனுமதி. முதல் மூன்று நாள் எல்லாவற்றையும் சொன்னாள்: நோவாக்கை, சர்க்கரையை, கூனெர்ட்டின் கழுத்தை. வெய்ட்லிங்கையும் சொன்னாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "எனக்குத் தெரியும்டி" என்றாள் வில்மா. "அவர் சாகுற வருஷம் எனக்கு ஒரு கார்டு போட்டார். உன் தங்கச்சி அப்போ குழந்தை, அவளை ஒண்ணும் கேக்காதேன்னு எழுதியிருந்தார். நானும் கேக்கல." லீஸ்பெத் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

நான்காம் நாள் காலையில் வில்மாவை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு லீஸ்பெத் படிக்கட்டில் நின்றாள். ஏதோ ஒன்று மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. எதை மறந்தோம் என்று தெரியவில்லை. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பீப்பாய்க்காரி திறந்தாள், கையில் காப்பிக் கோப்பை.

"மன்னிக்கணும். இந்த வீட்டுப் புத்தகம் யார்கிட்ட இருக்கு? நான் வந்து இன்னியோட நாலு நாள் ஆயிடுச்சு. இன்னும் யாரும் என்னை எழுதல."

"என்ன புத்தகம்?"

லீஸ்பெத் விளக்கப் பார்த்தாள். வந்தவர் பேர், பிறந்த தேதி, அட்டை எண். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் லீஸ்பெத்துக்குத் தன் கை தெரிந்தது. அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது அந்தக் கை, அவளைக் கேட்காமலே.

அட்டையைத் திரும்ப வாங்குவது போல, அவளே அதை இன்னொரு கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பித்தானைப் பூட்டினாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நான் தோம்னர். வில்மாவோட தங்கச்சி. இன்னும் ஆறு நாள் இருப்பேன்."

"உள்ள வாங்களேன்" என்றாள் அந்தப் பெண். "காப்பிக்குச் சர்க்கரை எத்தனை?"

"சர்க்கரை வேண்டாம்" என்றாள் லீஸ்பெத். உள்ளே போய், கதவு தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.